ஆறாம் நாற்காலிக்காரர்

அத்தியாயம் 14

ஆவி தேநீரைக் குடித்திருந்தது. சர்க்கரையைத் தொடவில்லை.

ஹெலன் டூபே தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நேற்று ஆறாம் நாற்காலியின் முன்னால் இருந்த தட்டு அது. கழுவாமல் அப்படியே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். காலித் தம்ளர், வாடிய எலுமிச்சைத் துண்டு, பிரிக்காத மூன்று சர்க்கரைப் பொட்டலங்கள்.

“செத்தப்புறம் சர்க்கரை வியாதிக்கு பயப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றான் மார்ட்டி குவெயில்.

மார்ட்டி அவளுடைய உதவியாளன். வயது நாற்பத்திரண்டு. காஸினோக்கள் வரிசையாக நிற்கும் இதே ஃப்ரீமாண்ட் தெருவில் பதினோரு வருடம் மேடையேறி நகைச்சுவை சொன்னவன். யாரும் சிரிக்காததால் துப்பறிய வந்தான். ஹெலன் இருபது வருடம் காஸினோ கேமரா அறைகளில் உட்கார்ந்து மற்றவர்களின் கைகளைப் பார்த்தவள். முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. கைகள் நிற்கும்.

காப்பர் லேன்டர்ன் காஸினோவின் காப்பிக் கடையில் மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டுக்குள் விடை வேண்டும்.

கேள்வி எளிமையானது. ‘ஜாக்ராபிட்’, அதாவது காட்டு முயல், ஒரு புதிய சீட்டாட்டம். டெல் ஹாஸ்கெட் என்ற, காஸினோவில் சீட்டுப் பிரித்துக் கொடுத்து ஓய்வுபெற்ற டீலர் தன் சமையலறை மேஜையில் பதினொரு வருடம் செதுக்கியது. ஆளுக்கு மூன்று சீட்டு, டீலருக்கும் மூன்று. உன் கை வெல்லும் என்று தோன்றினால் மேஜையை இரண்டு முறை தட்ட வேண்டும். அது ‘ஓடு’. இல்லையென்றால் சீட்டைத் தள்ளிவிட வேண்டும். அது ‘பதுங்கு’. ஆட்டங்களைச் சோதிக்கும் பரிசோதனைக் கூடம் வெற்றி தோல்விக் கணக்கைச் சரிபார்த்துவிட்டது. நாற்பத்தைந்து நாள் நிஜ மேஜையில் நிஜ ஆட்களோடு ஓட்டிப் பார்க்க அனுமதியும் கிடைத்தது. இன்று நாற்பத்தைந்தாவது நாள். நண்பகலில் மேஜைத் துறை மேலாளர் கையெழுத்துப் போட்டால், ஆட்டங்களை வாடகைக்கு விடும் நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும். போடாவிட்டால் அவ்வளவுதான். தோற்ற ஆட்டத்தை இந்த ஊரில் யாரும் இரண்டாவது முறை தொடுவதில்லை.

ஒன்பதாவது நாள் காலை பதினொரு மணிக்கு, ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டெல் அங்கேயே இறந்துபோனார். இதயம்.

பன்னிரண்டாவது நாள் காலை பதினொரு மணிக்கு ஒருவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். டெல்லுடையதைப் போன்ற வைக்கோல் தொப்பி. டெல் தட்டுவதைப் போலவே நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு. டெல் சொன்ன அதே வாசகம்: “ஓடட்டும் முயல்.” பெயர் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஆடி, ஜெயித்து, எழுந்து போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தினமும் ஜெயித்தார். அவர் யார், எப்படி ஜெயிக்கிறார் என்பதுதான் கேள்வி.

இரண்டு டீலர்கள் அந்த மேஜை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற நால்வர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் அங்கே நின்றார்கள். ஹெலன் இரண்டு நாளாகச் சீட்டுகளைப் பார்த்தாள், கலைக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தாள், பந்தய வில்லைகளைப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். மிச்சமிருந்த ஒரே தடயம் இந்தத் தட்டு.

மேவிஸ் ஹாஸ்கெட் வந்து உட்கார்ந்தார். டெல்லின் மனைவி. எழுபது வயது. ஹெலனை அமர்த்தியவர் அவர்தான். கணவர் இறந்த நாளுக்குப் பிறகு அவர் காஸினோத் தளத்தில் கால் வைக்கவில்லை. இந்தக் காப்பிக் கடை வரைக்கும் வருவார். இங்கிருந்து தினமும் பணிப்பெண்ணிடம் ஒரு ஐஸ் தேநீரும் மூன்று சர்க்கரையும் கொடுத்து ஆறாம் நாற்காலிக்கு அனுப்புவார். ஏன் என்று முதல் நாளே ஹெலன் கேட்டிருந்தாள். ஒருவேளை அவராக இருந்தால், என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“டெல் சர்க்கரை போடாம குடிப்பாரா?”

“மூணு. நாப்பத்தாறு வருஷமா மூணு. ரெண்டு போட்டா தம்ளரை திருப்பிக் குடுத்துடுவாரு.”

ஹெலன் பொட்டலங்களை அவர் முன்னால் வைத்தாள். “அப்ப குடிச்சது அவரு இல்ல.”

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று மார்ட்டி எதிர்பார்த்தான். வரவில்லை.

“இதை சொல்றதுக்குத்தான் உங்களை கூப்பிட்டேன்” என்றார் மேவிஸ். “இப்ப ஏன் கேட்டோம்னு இருக்கு.”

*

கேமரா அறை இரண்டாவது மாடியில் இருந்தது. மேலாளர் ரே ஒகாம்போ கதவைத் திறந்துவிட்டார். அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டால் என்ன என்று மார்ட்டி அவரிடம் கேட்டான். அனுப்பலாம், அது அஞ்சு நிமிஷ வேலை என்றார் ஒகாம்போ. ஆனால் ஒருவர் ஏன் ஜெயிக்கிறார் என்று தெரியாத ஆட்டத்தில் தான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இவரை அனுப்பினால் நாளை வேறொருவர் வருவார். அவர் தொப்பி போட்டிருக்க மாட்டார்.

ஹெலன் பழைய பதிவுகளை மறுபடியும் ஓட்டினாள். தொப்பிக்காரரின் கைகள் திரையில் தெரிந்தன. நீளமான, பொறுமையான கைகள். சீட்டை வளைக்கவில்லை, நகத்தால் கீறவில்லை, யாருக்கும் சைகை காட்டவில்லை. இருபது வருடத்தில் அவள் பார்த்த மிக நேர்மையான கைகள்.

“தலைவி, தப்பா எடுத்துக்காதீங்க” என்றான் மார்ட்டி. “மனுஷனுக்கு கழுத்துக்கு மேலயும் கொஞ்சம் இருக்கும். ஒரு தடவை அதையும் பாத்தா என்ன?”

ஹெலன் வேறு கேமராவுக்கு மாற்றினாள். நுழைவு வாசல் தூணில் இருந்தது அது. படம் தெளிவில்லை. ஆனாலும் முகம் தெரிந்தது. கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. டீலர் ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கொடுத்து முடித்து, தனக்கான மூன்று சீட்டை எடுக்க இயந்திரத்துக்குக் கையை நீட்டும்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார். சீட்டு மேஜையில் படிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு தன் சீட்டைப் பார்த்தார். அடுத்த கை. கழற்றினார், மாட்டினார். அதற்கு அடுத்ததிலும்.

“வயசானவங்க பழக்கம்” என்றார் ஒகாம்போ. “எங்கப்பாவும் இப்படித்தான், சும்மா கழட்டி கழட்டி மாட்டுவாரு.”

“எல்லாரும் பாக்கறதுக்கு கண்ணாடி போடுவாங்க. இவரு பாக்காம இருக்கறதுக்கு போடறாரு போல” என்றான் மார்ட்டி.

ஹெலன் தன் கண்ணாடியைத் தொட்டாள். படிப்பதற்கு மட்டும் போடும் கண்ணாடி. அதன் வழியாக எதிர்ச் சுவரின் கடிகாரம் மங்கலாகத் தெரிந்தது. கழற்றினாள். பத்து மணி, இரண்டு நிமிடம். முள் கூர்மையாக இருந்தது.

“பக்கத்துல பாக்கத்தான் அவருக்கு கண்ணாடி வேணும்” என்றாள். “கழட்டறாருன்னா தூரத்துல எதையோ பாக்கறாரு. அந்த ஒரு நொடி மட்டும்.”

ஒகாம்போ கூரைக் கேமராவின் படத்தை நிறுத்தி அந்த நொடியைக் காட்டினார். டீலரின் கை, மூன்று சீட்டு, அவற்றின் சிவப்பு முதுகு. வேறு ஒன்றுமில்லை.

“மேலேருந்து பாத்தா முதுகுதான் தெரியும், ரே. நாம எல்லாரும் மேலேருந்தே பாத்துட்டோம்.”

*

ஜாக்ராபிட் மேஜை இன்னும் திறக்கப்படவில்லை. பச்சைத் துணியில் நீளக் காதுள்ள முயல் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. காலை நேரத்து டீலர் மரிசெல், பழைய சீட்டுக்கட்டோடு வந்து நின்றாள். ஹெலன் ஆறாம் நாற்காலியில் உட்காரப் போனபோது அவள் முகம் மாறியது.

“அதுல உட்காராதீங்க மேடம்.”

“ஏன்? சூடா இருக்குமா?”

“சில்லுன்னு இருக்கும்.”

ஹெலன் உட்கார்ந்தாள். நாற்காலி நாற்காலியாகத்தான் இருந்தது. மரிசெல் இயந்திரத்திலிருந்து சீட்டுகளை எடுத்து ஆறு இடங்களுக்கும் வைத்தாள். கடைசியாகத் தன் மூன்று சீட்டை இடது கையால் எடுத்தாள். கை இடப்பக்கத்திலிருந்து மேஜையின் நடுவுக்கு வந்தது. பாதி வழியில், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஏதோ சிவப்பாக மினுங்கியது.

“மறுபடி.”

இந்த முறை மினுங்கியது கறுப்பு. மூன்றாவது முறை ஹெலன் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். “ஆட்டின் ஒன்பது” என்றாள். மரிசெல் அடிச்சீட்டைத் திருப்பினாள். ஒன்பது சிவப்பு இதயங்கள். ஆட்டின் ஒன்பது.

மரிசெல் ஒரு அடி பின்னால் போனாள். மார்ட்டியை ஐந்தாம் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், பிறகு நான்கில், மூன்றில். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறாவதில் இருந்து பார்த்தால் மட்டும் தெரிந்தது.

ஹெலன் அவளைப் பக்கத்து பிளாக்ஜாக் மேஜைக்கு அழைத்துப் போய் அங்கே சீட்டுப் போடச் சொன்னாள். மரிசெல்லின் இடது கை மேஜையோடு மேஜையாக, தட்டையாக நகர்ந்தது. திரும்ப ஜாக்ராபிட் மேஜைக்கு வந்ததும் அதே கை சாய்ந்து எழுந்தது. உள்ளங்கை வலப்பக்கம் பார்த்தது. சீட்டின் முகமும்தான்.

“அங்க படுத்துக்கிட்டு போகுது. இங்க ஏன் எழுந்து நிக்குது?”

“இந்த ஆட்டத்துக்கு இப்படித்தான் மேடம். இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. தாள்லயே இருக்கு.”

ஒகாம்போ தாளை எடுத்து வந்தார். புது ஆட்டத்துக்கு டீலர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் தாள். ஏழாவது வரி: டீலர் தன் மூன்று சீட்டை இடது கையால் எடுத்து, மணிக்கட்டைச் சாய்த்து, மூன்று விரல் உயரம் தூக்கி, நடுவில் வைப்பார். கீழே மேவிஸின் கையெழுத்து. அதற்கும் கீழே ஒகாம்போவின் கையெழுத்து.

அவர் அதை இரண்டு முறை படித்தார். “நாலு டீலரும் வரி மாறாம செஞ்சிருக்காங்க” என்றார் மெதுவாக. “தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் செய்யணும். இல்லேன்னா நானே சீட்டு கிழிச்சிருப்பேன்.”

*

காப்பிக் கடையில் ஹெலன் மூன்று சர்க்கரைப் பொட்டலங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மேவிஸின் இடப்பக்கம் வைத்தாள். சமையலறையில் டெல் சீட்டை எடுத்து வைப்பதைப் போல எடுத்து வைக்கச் சொன்னாள். மேவிஸ் எடுத்தார். கை சாய்ந்தது, மூன்று விரல் எழுந்தது, நடுவில் வந்து படிந்தது.

“ஏன் மணிக்கட்டை சாய்க்கறீங்க?”

மேவிஸ் தன் கையை, அது யாருடையதோ என்பதைப் போலப் பார்த்தார். “சாய்க்கறேனா?”

பிறகு அவரே சொன்னார். கல்யாணமான எட்டாவது கோடையில் கூரை மேலிருந்து வீட்டுக்குள் குளிர்காற்று ஊதும் தண்ணீர்க் கூலரைச் சரிசெய்யப் போன டெல் ஏணியோடு விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. கோணலாகச் சேர்ந்தது. அதன் பிறகு அந்தக் கை முழுதாகக் கவிழவே இல்லை. மேலாளர்கள் திட்டினார்கள். டெல் அந்தக் கையை மறைக்க, எந்த ஆட்டத்திலும் வலது கையால் எடுக்கக் கற்றுக்கொண்டார். வீட்டில் மட்டும், தன் சொந்த ஆட்டத்துக்கு, இடது கையை அதன் இஷ்டத்துக்கு விட்டார். மேவிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். சீட்டு அவருக்குத் தெரியாது. கணவரின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. விதிகளைத் தட்டச்சு செய்ததும் அந்தக் கையைப் பார்த்துத்தான். டெல்லுக்கு உடம்பு முடியாததால் டீலர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் மேவிஸ்தான்.

“உங்க மணிக்கட்டு ஒடஞ்சதில்லையே?”

“இல்ல.”

“மரிசெல்லுக்கும் ஒடஞ்சதில்ல. கீழ நாலு பேரு நல்ல கையோட இருக்காங்க மேவிஸ். நாலு கையிலயும் அவரோட முறிவு இருக்கு.”

மேவிஸ் பொட்டலங்களின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அடுத்த மேஜையில் யாரோ முட்டையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு கேள்வி” என்றாள் ஹெலன். “ஆறாம் நாற்காலி டீலருக்கு வலது கடைசி. உங்க சமையலறையில டெல்லுக்கு வலது பக்கம் யாரு உக்காருவாங்க?”

மேவிஸ் குரலை இறக்கிச் சொன்னார். எம்மெட் ஸ்லோன். டெல்லோடு வேலை பார்த்தவர், பிறகு டீலர் பள்ளியில் வாத்தியார். ஐந்து வருடம் ஒவ்வொரு ஞாயிறும் வருவார். ஆட்டத்தில் பாதி அவருடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். என்ன சண்டை என்று டெல் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. உள்ளே வந்து, காகிதங்களில் எம்மெட்டின் பெயரை அடித்தார். அடக்கத்துக்கும் சொல்லி அனுப்பக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

“வைக்கோல் தொப்பி?”

“ஒரே கடையில வாங்கினாங்க. ஒண்ணு வாங்கினா ஒண்ணு பாதி விலை.”

மணி பத்து ஐம்பது.

*

அவர் நேரம் தவறாமல் வந்தார். மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஆறாம் நாற்காலியில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றார். போகவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பேருந்தில் தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவரைப் போல நின்றார்.

“வாங்க எம்மெட்” என்றாள் ஹெலன்.

மார்ட்டி தேநீரை நீட்டினான். “சர்க்கரை இல்லாம. ஆவிங்களுக்கு இன்னிக்கி கடை கணக்குல.”

எம்மெட் தம்ளரை வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டது அவருக்கு ஆறுதலாக இருந்ததுபோல் தெரிந்தது. தான் எதையும் தொடவில்லை என்றார். காட்டினார்கள், பார்த்தேன், காட்டியதைப் பார்ப்பது குற்றமா என்று கேட்டார். இல்லை என்றாள் ஹெலன்.

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றைப் பற்றியும் அவரே சொன்னார். உன் கை சீட்டைக் காட்டுது டெல், இந்த ஆட்டம் வெளியே போனால் ஒரே வாரத்தில் கழுகுகள் வந்து உட்காரும், வேறு யாராவது பிரிக்கட்டும் என்று அவர் சொன்னார். டெல்லின் காதில் விழுந்தது வேறு. நொண்டிக் கை என்று விழுந்தது.

“அப்ப சொன்னது சரின்னு காட்ட வந்தீங்க” என்றாள் ஹெலன். “ஆட்டத்தை கவுக்க.”

எம்மெட் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அடக்கத்துக்கு என்னை கூப்பிடல. சரி, அவன் செத்த எடத்தையாவது பாத்துட்டு போகலாம்னு வந்தேன். அவ்வளவுதாம்மா. இந்த பொண்ணு சீட்டை எடுத்துச்சு.” மரிசெல்லைக் காட்டினார். “டெல்லோட கை. எனக்கு மூச்சே நின்னுடுச்சு. மறுநாள் வேற ஆளு. அதே கை. அந்த நாலு பேருல யாரு நின்னாலும் அவன்தான் எனக்கு பிரிச்சான். தினமும் ஒரு மணி நேரம். வராம எப்படி இருக்கறது?”

“ஜெயிச்சீங்களே?”

“பந்தயம் கட்டாம உக்கார விடமாட்டாங்க. சீட்டு தெரிஞ்சப்புறம் வேணும்னே தோக்கறதுக்கு எனக்கு கை வரல. நாப்பது வருஷப் பழக்கம்.”

“டீ?”

“அவனுக்கு வந்ததுன்னு தெரியும். நாற்காலிக்கு வந்துச்சு, குடிச்சேன். சர்க்கரையை அவனுக்கு விட்டேன்.”

மரிசெல் மூக்கை உறிஞ்சினாள். நண்பகலில் என்ன நடக்கப் போகிறது என்று ஹெலன் அவருக்குச் சொன்னாள். ஆறாம் நாற்காலியின் வெற்றிதான் இந்த மேஜையை மூடவைக்கப் போகிறது. எம்மெட்டுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலை மிகவும் சிறியதாகத் தெரிந்தது.

“அந்த வரியை மாத்தினா போதும்” என்றார் ஒகாம்போ. “ஆனா நான் மாத்த முடியாது. ஆட்டத்துக்கு சொந்தக்காரங்க வந்து அடிக்கணும். அவங்களே டீலருக்கு காட்டணும்.”

எல்லோரும் காப்பிக் கடையின் பக்கம் பார்த்தார்கள். முப்பத்தாறு நாளாக மேவிஸ் தாண்டாத கம்பளம் நடுவில் கிடந்தது.

மார்ட்டி போனான். அவன் அவரிடம் என்ன சொன்னான் என்று ஹெலன் பிறகு கேட்டதற்கு, ஒரு ஜோக் சொன்னேன், சிரிக்கல, ஆனா எழுந்துட்டாங்க என்றான்.

மேவிஸ் மெதுவாக வந்தார். ஆறாம் நாற்காலியைப் பார்க்கவில்லை. ஐந்தாவதைப் பார்த்தார்.

“எம்மெட்.”

“மேவிஸ்.”

“தொப்பி அழுக்கா இருக்கு.”

“துவைக்க தெரியல.”

ஒகாம்போ சோதனையைச் சொன்னார். ஹெலன் எழுந்து இடம் விட்டாள். எம்மெட் ஆறாம் நாற்காலிக்கு மாறிக் கண்ணாடியைக் கழற்றினார். மரிசெல் பழைய முறையில் பிரித்தாள்.

“ஸ்பேடு ராணி” என்றார் எம்மெட். ஒகாம்போ திருப்பினார். ஸ்பேடு ராணி.

“டைமன் நாலு.” “கிளாவர் ஏழு.” “ஆட்டின் ஏஸ்.” பத்து முறை. பத்தும் சரி. ஒகாம்போ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேவிஸ் சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. மரிசெல்லின் இடது மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒகாம்போ தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். மேவிஸ் பேனாவை எடுத்தார். ஏழாவது வரியின் மேல் அதன் முனையை வைத்தார். அப்படியே இருந்தார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை பிரி கண்ணு” என்றார்.

மரிசெல் ஒகாம்போவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் மூன்று சீட்டை எடுத்தாள். கை சாய்ந்தது, எழுந்தது, அவசரமில்லாமல் நடுவுக்கு வந்து படிந்தது. எம்மெட் சீட்டின் பெயரைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மேவிஸ் வரியை அடித்தார். ஓரத்தில் எழுதினார்: கை மேஜையை விட்டு எழக் கூடாது.

காட்டவும் வேண்டும். மேவிஸ் சீட்டை எடுத்தார். கை எழுந்துவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடியும் எழுந்தது. மூன்றாவது முறை தன் இடது கையை வலது கையால் பிடித்து அழுத்திக்கொண்டார், யாரையோ உட்கார வைப்பது போல.

எம்மெட் ஒரு பந்தய வில்லையை எடுத்து மேவிஸின் இடது மணிக்கட்டின் மேல் வைத்தார். டீலர் பள்ளியில் இருபது வருடம் செய்தது. “இது விழக் கூடாது. கையை நெனைக்காதே. வில்லையை நெனை.”

முதல் முறை வில்லை விழுந்து உருண்டது. மார்ட்டி குனிந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது முறையும் விழுந்தது. அதற்கடுத்த முறை கை தட்டையாக, துணியை உரசிக்கொண்டு நகர்ந்தது. வில்லை அசையவில்லை. பிறகு மரிசெல். அவள் முதல் முறையிலேயே சரியாகச் செய்தாள். அவளுடையது நல்ல கை.

“என்ன சீட்டு?” என்றார் ஒகாம்போ.

எம்மெட் கண்ணாடி இல்லாமல் உற்றுப் பார்த்தார். சிவப்பு முதுகு மட்டும் போனது.

“தெரியல.”

மறுபடி.

“தெரியல.”

பத்து முறை. பத்தாவது முறை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

*

பதினொன்று நாற்பதுக்குக் கயிறு அவிழ்ந்தது. நெப்ராஸ்காவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி இரண்டிலும் மூன்றிலும் உட்கார்ந்தார்கள். ஆறாம் நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்து, மேவிஸ் கொண்டுவந்து ஓரத்தில் விட்டிருந்த மூன்று சர்க்கரைப் பொட்டலங்களையும் பிரித்துத் தன் காப்பியில் கொட்டிக்கொண்டார். இரண்டு கை தோற்றார், ஒன்று ஜெயித்தார், மறுபடி தோற்றார். என்ன எழவு நாற்காலி இது என்று மரிசெல்லைத் திட்டினார். திட்டு வாங்கி அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு ஒகாம்போ பார்த்ததில்லை.

இருபது நிமிடம் எதையும் நிரூபிக்காது என்று ஹெலனுக்குத் தெரியும். ஒகாம்போவுக்கும் தெரியும். அவர் அந்த இருபது நிமிடத்துக்காக அல்ல, எம்மெட்டின் பத்துத் ‘தெரியல’வுக்காகத்தான் பன்னிரண்டு அடிக்கும் முன்பே கையெழுத்துப் போட்டார். நிறுவனத்தின் ஆள் தாளை உறையில் போட்டுக்கொண்டு, ஆட்டத்தை உருவாக்கியவர் பெயரை எப்படி எழுதுவது என்று மேவிஸைக் கேட்டார். மேவிஸ் இரண்டு பெயர்களைச் சொன்னார். எம்மெட் அதற்குள் வாசல் தூணைத் தாண்டியிருந்தார். மார்ட்டி அவரைக் கூப்பிட ஓடினான்.

மேஜையில் ஆள் மாறும் நேரம். அடுத்த டீலர் மரிசெல்லின் தோளைத் தொட்டார். மேஜையை விட்டு நகரும் டீலர் கைகளை ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளைத் திருப்பிக் கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். இங்கிருந்து எதையும் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். மரிசெல் காட்டினாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்ளாமல் போனாள்.

“டெல் வீட்லயும் செய்வாரு” என்றார் மேவிஸ். “சாப்பிட்டு எழுந்திரிக்கறப்ப. இடது கை பாதிதான் திரும்பும்.”

மேவிஸ் மேஜையின் ஓரத்தில் நின்று, சத்தம் வராமல் ஒருமுறை கை தட்டினார். கைகளை மேலே திருப்பினார். இடது கை பாதியில் ஒரு கணம் நின்றது. பிறகு முழுதாகத் திரும்பியது.

ஹெலன் அந்தக் கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.